பதினோரு நொடி, நாற்பத்தெட்டு நொடி

என் தங்கை இளமதியின் இடது மணிக்கட்டு உடைந்தது, போன வருஷம் தை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு பத்துக்கு. நேரத்தை அந்த விழாவின் வீடியோவில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். உடைத்தது ஒரு நாற்காலியின் இரும்புக் கால். நாற்காலியைத் தூக்கியவன் பெயர் அய்யப்பன். அவனுக்கும் இளமதிக்கும் முன்பின் அறிமுகம் கிடையாது. அவனுடைய அப்பாவுக்குப் பதினோரு நொடியும் சித்தப்பாவுக்கு நாற்பத்தெட்டு நொடியும் அவள் டிரம் அடித்தாள் என்பதுதான் அவன் கோபம்.

நான் ரத்தினவேல். எட்டாவது வரை படித்தேன். புதுக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இளமதி என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். பகலில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். சனி, ஞாயிறு மாலைகளில் ஒரு ஹோட்டலின் ஏசி ஹாலில், சாப்பிட வருகிறவர்களுக்காகப் பாடும் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். இந்த மாவட்டத்தில் ஹோட்டல் மேடையில் டிரம்ஸ் வாசிக்கும் வேறு பெண் இருந்தால் சொல்லுங்கள். நான் விசாரித்த வரையில் இல்லை. ஹோட்டலின் பெயரை எழுதக்கூடாது என்று அவள் சொன்னதால் எழுதவில்லை.

அவள் கையில் குச்சி வந்தது ஏழாம் வகுப்பில். பள்ளி பேண்டில் சைடு டிரம் அடிக்க ஆள் குறைந்ததென்று இவளைச் சேர்த்தார்கள். அணிவகுப்பு முடிந்தும் இவள் நிறுத்தவில்லை. வீட்டில் குடம், கட்டில் சட்டம், என் தையல் மெஷின் பலகை, எதையும் விடவில்லை. அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்து படுப்பவர். ஒருநாள் எழுந்து வந்து இடுப்பு வாரை உருவி அவளை அடித்தார். முதுகில் ஏழு தடிப்பு. நான்தான் தேங்காய் எண்ணெய் போட்டேன். அழுவாள் என்று நினைத்தேன்.

“அப்பாவுக்குத் தாளமே வரல அண்ணே” என்றாள். “நாலு அடி ஒரே மாதிரி அடிச்சாரு. அஞ்சாவது முன்னாடியே விழுந்துருச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே படுத்திருந்த அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அதற்கு மறுநாளும் அடித்தார். அவளும் மறுநாளும் குடத்தைத் தட்டினாள்.

அப்பா இறந்த பிறகு கோபிநாத் சார் அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர், கீபோர்டு வாசிப்பார். பாடவும் அறிவிக்கவும் வசந்த். பெண் குரலுக்குச் சர்ச் பாடகர் குழுவிலிருந்து பிளெஸ்ஸி. இளமதியோடு நாலு பேர். ஹாலில் பதினான்கு மேசை. மாலை ஏழு மணிக்கு முதல் பாட்டு. ஃபிரைடு ரைஸ் சாப்பிடுகிறவர்கள் துண்டுச் சீட்டில் பாட்டின் பெயர் எழுதி சர்வர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எட்டு மணி வரை குடும்பங்கள். அதன் பிறகு வெளியே குடித்துவிட்டு உள்ளே சாப்பிட வருகிறவர்கள்.

அப்படி ஒருவர் ஒரே பாட்டை மூன்றாவது தடவை கேட்டு எழுதி அனுப்பினார். வசந்த் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டை எடுத்தான். தண்ணீர் டம்ளர் பறந்து வந்து அவன் இடது புருவத்தைப் பிளந்தது. ரத்தம் மைக்கில் வழிந்தது. பிளெஸ்ஸி பாட்டை அவன் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். இளமதி ஒரு அடிகூடத் தவறவிடவில்லை. சர்வர்கள் அந்த ஆளை இழுத்துப்போய் வாசலில் வைத்து உதைத்தார்கள். கடைசி மேசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும், வசந்துக்கு ஜிப்பா அளவெடுக்க நான் அன்று போயிருந்தேன்.

“பயமா இல்லையா?” என்று இளமதியிடம் கேட்டேன்.

“டிரம் நின்னாத்தான் அண்ணே சண்டைன்னு ஜனத்துக்குத் தெரியும். நிக்காட்டி அதுவும் பாட்டுல ஒரு எடம்னு நெனச்சுக்கிட்டுத் திங்கும்.”

இதுதான் அவள் தொழில் முறை. யார் எதை எறிந்தாலும் ஆரம்பித்ததை முடிக்காமல் குச்சியைக் கீழே வைக்க மாட்டாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அறந்தாங்கிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பெண் குழந்தைக்குக் காது குத்திவிட்டு, ஹோட்டல் ஹாலில் மதியச் சாப்பாடு வைத்தது. குழந்தைக்குத் தாய்மாமன் இரண்டு பேர். மூத்தவர் கண்ணுசாமி, விவசாயி. இளையவர் வீரய்யா, பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் இருந்து வந்தவர். இரண்டு பேரும் சீர் தட்டுகளோடு ஹால் வாசலிலிருந்து மேடைக்கு நடந்து வர வேண்டும். வசந்த் மைக்கில் பெயர் சொல்வான். பெயர் சொன்னதும் இளமதி சைடு டிரம்மில் உருட்டி அடிக்கத் தொடங்குவாள். மாமன் மேடைப் படியில் கால் வைத்ததும் சிம்பலில் ஓங்கி ஒரு அடி, உருட்டல் முடியும். எல்லா விசேஷத்துக்கும் அப்படித்தான் செய்வாள். ஒருவர் மேடைக்கு வந்து சேரும் வரை அவருக்கு உருட்டல் உண்டு. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

வாசலிலிருந்து மேடைக்கு அறுபத்திரண்டு அடி. பிறகு நானே டேப் பிடித்து அளந்தேன்.

மூத்தவரைத்தான் முதலில் அழைத்தார்கள். அதில் தவறில்லை. கண்ணுசாமி ஐந்து தட்டோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வயலுக்குப் போகிறவர் நடை. பதினோரு நொடியில் படியில் கால் வைத்துவிட்டார். சிம்பல் விழுந்தது. மாலை போட்டார்கள்.

அடுத்து வீரய்யா. ஐம்பத்தோரு தட்டு. பட்டுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு, நடுவில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரப் பிள்ளைகள் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு வந்தார். இளமதி உருட்டிக்கொண்டிருந்தாள். இருபது நொடி. முப்பது நொடி.

கண்ணுசாமியின் மகன் அய்யப்பன் மேடை ஓரத்தில் நின்றான். முதலில் கையைக் காட்டினான். பிறகு கத்தினான்.

“ஏய், போதும், நிறுத்து! எங்கப்பாவுக்கு நாலு தட்டு தட்டிட்டு, இவருக்கு மட்டும் என்ன இம்புட்டு உருட்டு?”

இளமதி நிறுத்தவில்லை. வீரய்யா இன்னும் படிக்கு வரவில்லை.

கீழே வீரய்யா பக்கத்து ஆள் ஒருவன் அய்யப்பனைப் பார்த்துக் கேட்டான்: “ஒங்கப்பா பஸ்ஸைப் புடிக்கப்போற மாதிரி ஓடி வந்தாருடா. அதுக்கு அந்தப் புள்ள என்ன செய்யும்?”

ஹால் சிரித்தது. இருநூறு பேர். வீரய்யாவும் சிரித்தார். வீடியோவில் அந்தச் சிரிப்பு ஆறு நொடி.

அய்யப்பன் முதலில் சித்தப்பாவின் பக்கம் பாய்ந்தான். அவர் கண்ணாடியோடு சேர்த்து முகத்தில் குத்தினான். தட்டு ஏந்திய பெண்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். யாரோ ஒருவன் பித்தளைத் தட்டை வீசினான். அது சுழன்று போய்ப் பந்தியில் ஒரு பெரியவர் காதை அறுத்தது. மூத்தவர் ஆட்கள் ஒரு பக்கம், இளையவர் ஆட்கள் ஒரு பக்கம். காலையில் ஒரே வேனில் வந்தவர்கள். சாம்பார் வாளியை ஒருவன் தூக்கி எறிந்தான். பரிமாறிக்கொண்டிருந்தவன் தொடை வெந்து தோல் உரிந்தது. ஒரு பெண்ணின் தாலிக்கொடியைப் பிடித்து இன்னொரு பெண் இழுத்தாள். அவர்கள் உடன்பிறந்த அக்கா தங்கை. காது குத்திய குழந்தை மேடையில் நின்று வாயைத் திறந்து அழுதது, சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

ஏனென்றால் டிரம் நிற்கவில்லை. வீரய்யாவை இரண்டு பேர் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து மேடைப் படியில் உட்காரவைத்தார்கள். மூக்கிலிருந்து ரத்தம். அவர் கால் படியில் பட்டதும் இளமதி சிம்பலில் ஓங்கி அடித்தாள். நாற்பத்தெட்டாவது நொடி.

அய்யப்பன் திரும்பினான். அந்த அடி தன்னைக் கேலி செய்ய அடித்தது என்றுதான் அவன் நினைத்திருப்பான். நாற்காலியை எடுத்து அவள் தலைக்கு வீசினான். அவள் இடது கையைக் குறுக்கே கொடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவள் முன்னால் இருந்த மைக்கில் கேட்டது. குச்சியை முறித்த மாதிரி இருந்ததென்று பிளெஸ்ஸி சொன்னாள். நான் வீடியோவில் அந்த இடத்தை ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, நான் கடையைச் சாத்தினேன். என் பெரிய கத்தரி பன்னிரண்டு அங்குலம், இரும்பு. அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் அறந்தாங்கி போனேன். பதினொன்றே காலுக்கு அய்யப்பன் டீக்கடை வாசலில் வடை தின்றுகொண்டிருந்தான்.

“நீதானடா அய்யப்பன்?”

“ஆமா, நீங்க யாரு?”

“ஒடச்ச கையோட அண்ணன்.”

வாயில் வடை இருந்தது. நான் கத்தரியை விரிக்கவில்லை. மடக்கிப் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தால் வாயில் அடித்தேன். மேல் வரிசையில் ஒரு பல், கீழ் வரிசையில் ஒரு பல். இன்னொரு அடி தோளில். மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது டீக்கடைக்காரர் கொதிக்கிற பால் கரண்டியால் என் கழுத்தில் போட்டார். பிறகு ஏழெட்டுப் பேர் சேர்ந்து என்னை மிதித்தார்கள். வலது பக்கம் ஒரு விலா எலும்பில் கீறல். அவர்கள் அடித்ததில் நியாயம் இருந்தது. அது அவர்கள் ஊர்.

வீட்டுக்கு வந்தபோது பெருமையாகத்தான் வந்தேன். இளமதி மாவுக்கட்டைத் தலையணையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

“ரெண்டு பல்லு.”

அவள் என் உதட்டைப் பார்த்துக் கேட்டாள்.

“ஒன்னைய யாரு போகச் சொன்னா?”

“கையை ஒடச்சிருக்கான். பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?”

“மேனேஜர் காலையிலதான் போன் பண்ணுனாரு. தப்பு ஒன்மேல இல்லம்மா, கை சரியானதும் வா, எடம் இருக்குன்னாரு. இப்ப சண்டியன் வீட்டுப் பொண்ணுன்னு சொல்லி வெரட்டப் போறாரு. கை ஒடஞ்சா ஒட்டும் அண்ணே. அந்த எடம் போச்சுன்னா எந்த ஊர்ல எவன் எனக்குக் குடுப்பான்?”

அதன் பிறகு பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள். தலை பின்னிவிட அம்மாவைத்தான் கூப்பிட்டாள். எனக்கு விலாவைவிட அதுதான் வலித்தது.

அவள் சொன்னபடியே நடந்தது. மேனேஜர் அன்று மாலையே கோபிநாத் சாருக்குப் போன் செய்து, அந்தப் பெண்ணின் அண்ணன் நாளைக்கு ஹாலுக்குள்ளும் கத்தரியோடு வருவான், இனி அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு தரப்பும் போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்திருந்தோம். எட்டாம் நாள் சமாதானம் பேசக் கூப்பிட்டார்கள். நான் வீடியோவைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். வாசலில் காலடி வைத்த நேரம், படியில் கால் வைத்த நேரம், தட்டு எத்தனை, தூரம் எத்தனை. கண்ணுசாமியிடம் அதை நீட்டினேன்.

“நீங்களே பாருங்க மாமா. நடந்து வந்த நேரத்துக்குத்தான் அடிச்சிருக்கா. மெதுவா வந்திருந்தா ஒங்களுக்கும் நாப்பது நொடி கெடைச்சிருக்கும்.”

அவர் தாளை வாங்கவில்லை. கழுத்துத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நொடியை எண்ணுனியே தம்பி, சிரிச்ச பல்லை எண்ணுனியா?” என்றார். “அந்த ஹால்ல இருந்த எல்லாப் பல்லும் எனக்குத் தெரிஞ்சுச்சு. எம்மகன் வாயில ரெண்டு இல்லாதது மட்டுந்தான் ஒனக்குத் தெரியுது.”

தாளை மடித்துப் பையில் வைத்தேன். வாய் வீங்கிய அய்யப்பன் மூலையில் நின்றான். அவர் எழுந்து போய், எல்லோர் முன்னாலும் அவன் கன்னத்தில் அறைந்தார். உதட்டில் போட்டிருந்த தையல் பிரிந்து மறுபடி ரத்தம் வந்தது.

“பொம்பளப் புள்ளைய அடிச்சதுக்கு இது” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மனுக்களைத் திரும்பப் பெற எல்லோரும் சம்மதித்தோம். இளமதி மட்டும் பேனாவை வாங்கவில்லை. மேனேஜரும் வந்திருந்தார். அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணுதான் சார். என் எடத்துல என்னைய உக்கார விடுவீங்களா? இங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

“வாம்மா. உன் இடம் உனக்குத்தான்” என்றார் அவர். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பதின்மூன்றாம் நாள் சனிக்கிழமை. வாசிக்க முடியாவிட்டாலும் பாட்டைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். வேண்டாமென்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

ஹாலுக்குள் நுழையும்போதே டிரம் சத்தம் கேட்டது. அவளுடைய டிரம்ஸ் மேடையில் இல்லை. மேடைக்குப் பின்னால், பூந்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், மேசைவிரிப்பைப் போட்டு மூடித் தள்ளி வைத்திருந்தார்கள். சத்தம் கோபிநாத் சாரின் கீபோர்டிலிருந்து வந்தது. பொத்தானை அமுக்கினால் அதுவே தாளம் போடும். அவர் இளமதியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் வேகமாக வந்தார்.

“கை சரியாகட்டும்மா, பிறகு பார்ப்போம். இது நல்லாத்தானே போகுது? மெஷின் யாரையும் வம்புக்கு இழுக்காது பாரு.”

இளமதி அவரைத் தாண்டிப் போனாள். மேசைவிரிப்பை ஒற்றைக் கையால் உருவிக் கீழே போட்டாள். பெரிய டிரம்மைக் காலால் தள்ளி, சைடு டிரம்மைத் தொடையால் தள்ளி, மேடை ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். வலது கையில் ஒரு குச்சி. மாவுக்கட்டுக் கை மார்போடு தொங்கியது. வசந்த் பாடிக்கொண்டிருந்த பாட்டுக்கு நடுவிலேயே அடிக்கத் தொடங்கினாள்.

நன்றாக இருந்தது என்று பொய் எழுத மாட்டேன். மெஷின் ஒரு வேகம், அவள் ஒரு வேகம். ஒரு வண்டியில் இரண்டு மாடு இரண்டு பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது. வசந்த் வரியை விட்டுவிட்டான். பிளெஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டாள். மேனேஜர் சைகை காட்டியதும் கோபிநாத் சார் மெஷின் சத்தத்தைக் கூட்டினார். இவள் அடியைக் கூட்டினாள். அவர் இன்னும் கூட்டினார். குச்சியின் நுனி தெறித்து மூன்றாவது மேசை சூப்பில் விழுந்தது. உடைந்த முனையோடு அடித்தாள்.

மேனேஜர் மேடையில் ஏறி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். தோளில் மாட்டிய கட்டுத்துணி இறுகி, மாவுக்கட்டு டிரம்மின் இரும்பு விளிம்பில் மோதியது. அவள் வாய் கோணியது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் கை முஷ்டியாகிவிட்டது.

“அண்ணே, உக்காரு!” என்று அங்கிருந்தே கத்தினாள். பத்து நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

உட்கார்ந்தேன். இதுவரை நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மேனேஜர் சைடு டிரம்மைத் தூக்கிப்போக அதன் மேல் கையை வைத்தார். அடுத்த அடி அவர் விரல்கள் மேல் விழுந்தது. வேண்டுமென்றே அடித்தாளா, அந்த இடத்தில் அடி வர வேண்டியிருந்ததா, அவள் இன்றுவரை சொல்லவில்லை. அவர் “அய்யோ” என்று கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். நடுவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது. டிரம்மின் வெள்ளைத் தோலில் அவர் ரத்தம் மூன்று சொட்டு. அடுத்த அடிகளில் அது நாலாபக்கமும் தெறித்தது.

கோபிநாத் சார் அந்த ரத்தத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். ஹாலில் அவள் அடி மட்டும் இருந்தது. காலால் ஒன்று, வலது கையால் ஒன்று. இடது கை அடிக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். அந்த இடங்களை இரண்டு சுற்று கேட்டபிறகு கோபிநாத் சார் கீபோர்டில் கீழ் ஸ்வரத்தால் நிரப்பத் தொடங்கினார். வசந்த் விட்ட வரியைப் பிடித்தான். மேசைகளில் பாதிப்பேர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சூப்பில் குச்சி விழுந்தவர் மட்டும் வேறு சூப் கேட்டார்.

மேனேஜர் விரலில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி கேட்டது ஒன்றுதான்: “யாராவது சாப்பிடாம எந்திரிச்சுப் போனாங்களா?” இல்லையென்று சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு விலகியிருந்தது. கட்டைப் பிரித்து, நான் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் விரல்களைப் பிடித்து இழுத்தார். அவள் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் நின்றிருந்த ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். என் கைச் சதையில் அவள் பல் நாலு பதிந்தது. மணிக்கட்டு இனி முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். அவர் சொன்னபடிதான் ஆயிற்று. இப்போது அவள் இடது குச்சியை மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில் பிடித்து அடிக்கிறாள்.

புதுக் கட்டின் மேல் தேதியை எழுதிவிட்டு, டாக்டர் அவளைக் கண்டித்தார்.

“ஆறு வாரம் குச்சியைத் தொடக்கூடாது.”

இளமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“எந்தக் கையால சார்?”